பூவலங்காரம்: அடம்பன் கொடியிலிருந்து மணமேடை வரை

தரம் 13, கலைப் பிரிவு

பூவைப் பறித்துத் தண்ணீரில் வைப்பதற்கும் ஒரு பாடம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். மனைப்பொருளியல் பாடத்தில் டீச்சர் ‘பூவலங்காரம்’ என்று கரும்பலகையில் எழுதியபோது, பின்வாங்கில் இருந்த நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எங்கள் வீடுகளில் பூவுக்கு என்ன வேலை? பாண்டிருப்புப் பக்கம் போனால் கோயிலடியில் மல்லிகைச் சரம் கட்டி விற்பார்கள். அங்குள்ள தமிழ்ச் சகோதரிகளுக்குப் பூ அன்றாடச் சாமான். எங்களுக்கோ பூ என்றால் ஷோகேஸில் தூசு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் றோசாதான். பெருநாளைக்கு இரண்டு நாள் முன்பு அதைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுவோம். நான் அறிந்திருந்த பூப் பராமரிப்பு அவ்வளவுதான்.

அந்தத் தவணை முடிவில் பாடசாலையில் கண்காட்சி வந்தது. ஒவ்வொரு குழுவும் ஒரு மேசை அலங்காரம் செய்ய வேண்டும். மற்றக் குழுக்கள் காசு சேர்த்து டவுனில் றோசாவும் செவ்வந்தியும் வாங்கின. எங்கள் குழுவில் காசு சேரவில்லை. “நாங்க நெய்தல் நிலத்துப் புள்ளைகள், நெய்தல் பூவாலேயே செய்வம்” என்று தமிழ்ப் பாடத்தில் படித்த திணையைப் பிடித்துக்கொண்டு நான்தான் முன்னால் நின்றேன். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அதில் அடும்பும் ஒன்று. அது வேறெதுவுமல்ல, எங்கள் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பன்தான். சங்கப் புலவருக்குப் போதுமாயிருந்த பூ எங்கள் மேசைக்குப் போதாதா என்பது என் எண்ணம்.

சுபஹ் தொழுத கையோடு சாச்சாவின் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். ஊதாப் பூக்கள் மணல் முழுக்க மலர்ந்திருந்தன. ஒரு வாளி நிறையப் பறித்தோம். வீட்டு வாசலில் உம்மா நின்றார். வாளியைப் பார்த்தார், என் காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார்.

“ஆரு உன்னக் கடக்கரைக்குப் போகச் சொன்ன?”

உம்மா கடற்கரைக்குப் போவதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் போனதேயில்லை. அன்று அவருடைய தங்கையை, நான் கண்டிராத என் சாச்சியை, கடல் கொண்டுபோனது. இதை எழுத நினைத்து நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரப்போவது விளங்காது. உம்மா வேறொன்றும் பேசவில்லை. வாளியை வீட்டுக்குள் எடுக்க மட்டும் விடவில்லை.

கண்காட்சியைப் பார்வையிடுவோர் பதினொரு மணிக்கு வந்தார்கள். அதற்குள் எங்கள் மேசையில் ஒரு பூவும் இல்லை. நனைந்த குடையைச் சுருட்டி வைத்ததைப் போல எல்லாப் பூக்களும் சுருண்டு கிடந்தன. அடம்பன் விடியற்காலையில் விரிந்து, நண்பகலுக்குள் மூடிவிடும் பூ. ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள். பறித்தால் அதுவும் இல்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. டீச்சர் ஏசவில்லை. “பூவப் பத்தித் தெரியாம பூ வைக்க ஏலாது மகள்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்துதான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் படித்தது அழகைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. செடியில் இருக்கும் பூவுக்கு வேரிலிருந்து காழ்க் கலன்கள் வழியாக நீர் ஏறுகிறது. நாங்கள் தண்டை வெட்டியதும் அந்தக் கலன்களுக்குள் காற்று புகுந்து குமிழாக நின்றுவிடுகிறது. குமிழுக்கு மேலே நீர் ஏறாது. சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தலை தொங்குவது இதனால்தான். எனவே, வாங்கி வந்த பூவின் தண்டை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தபடியே நுனியில் ஓர் அங்குலத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். சரிவாக வெட்டினால் தண்டின் வாய் சாடியின் அடியோடு ஒட்டி அடைபடாது. கத்தரிக்கோல் மென்மையான தண்டை நசுக்கிவிடும். கூரான கத்தியே நல்லது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும். அவை அழுகினால் பக்றீரியா பெருகும். காழ்க் கலன்களை அடைக்கும் அடுத்த எதிரி அதுதான்.

வெட்டிய பூவை உடனே அலங்காரத்தில் வைப்பதும் பிழை. ஆழமான வாளியில், நிழலான இடத்தில், ஓர் இரவு முழுவதும் தண்ணீர் குடிக்க விட வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. இதைச் செய்யாத பூ மறுநாள் அஸர் வரைக்கும் நிற்காது. வெளிமடையிலும் நுவரெலியாவிலும் குளிரில் வளர்ந்த பூ எங்கள் காற்றுக்கு வந்தவுடன் ஆவியுயிர்ப்பால் நீரை இழந்துகொண்டே இருக்கும். கடைகளில் விற்கும் பூ உணவுப் பொடி கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, சில துளி பிளீச்சிங் திரவம் கலக்கலாம். சீனி பூவுக்கு உணவு. புளிப்பு தண்ணீர் இலகுவாக ஏற உதவும். பிளீச்சிங் பக்றீரியாவைக் கொல்லும். சீனியை மட்டும் போட்டால் பக்றீரியாவுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

எல்லாத் தண்டுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. எருக்கலை போலப் பால் வடியும் தண்டின் நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் பிடித்தால் பால் நின்றுவிடும். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம். மரத்தண்டாக இருந்தால் நுனியைக் குறுக்காகப் பிளந்துவிட வேண்டும். குளத்து நீலோற்பலம், அதாவது 1986இல் எங்கள் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீல மானெல், காலையில் விரிந்து பின்னேரம் மூடிக்கொள்ளும். அது விரிந்திருக்கும்போதே இதழ்களின் அடியில் உருகிய மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மூட மாட்டாது. செய்து பார்த்தேன், சரிவந்தது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. தூங்கப் போகும் பிள்ளையின் கண்ணை விரலால் திறந்து வைப்பது போலிருந்தது. மறுபுறம் செவ்வரத்தை ஓர் ஆச்சரியம். அதற்கும் ஆயுள் ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளும் தண்ணீரே இல்லாமல், வெறும் மேசையில் வைத்தாலும், பொழுதுபடும் வரை விரிந்தபடி நிற்கும்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். பூ வைப்பவர்கள் செடியைத் தாவரவியல்காரர் போல் பிரிப்பதில்லை. அது என்ன வேலை செய்யும் என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். நீண்டு நின்று கோடு போடுபவை ஒரு வகை. பருமனாக இடத்தை நிரப்புபவை இன்னொரு வகை. றோசாவும் செவ்வந்தியும் அப்படி. அந்தூரியம், ஓர்க்கிட் போன்றவை தம் உருவத்தாலேயே கண்ணை இழுப்பவை. கடைசியாக இடைவெளியை மெதுவாக நிரப்பும் சின்னப் பூக்கள். புத்தகங்களில் கோட்டுக்கு உதாரணமாகக் கிளாடியோலஸ் என்று போட்டிருக்கும். அது எங்கள் ஊர் வேலியில் கிடைக்காது. டீச்சர் சொன்னது வேறு: “கோடு போடுற வேலைய எது செய்யுதோ அதுதான் கோட்டுப் பூ. அது பூவா இருக்கணும் எண்டு ஆரு சொன்ன?”

அன்று வீட்டுக்குப் போய் உம்மும்மா பாய் இழைக்க வைத்திருந்த பன் கட்டைப் பார்த்தேன். நிமிர்ந்த, நீண்ட, பச்சையும் பழுப்புமான கோடுகள்! இத்தனை வருடமும் அதைப் பாயாக மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஊரே வேறு மாதிரித் தெரிந்தது. தென்னம்பாளை ஒரு வளைந்த கோடு. கமுகம்பாளை அருவி மாதிரித் தொங்கும் கோடு. காய்ந்த நெற்கதிர் இடைநிரப்பி. அம்பாறை மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? வேலியில் நிற்கும் காகிதப்பூவில் நாம் பூ என்று நினைக்கும் நிறமெல்லாம் உண்மையில் பூவடியிலைகள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ. அந்தூரியத்தின் சிவப்புத் தட்டும் அப்படியே, அதுவும் ஒரு வகை இலைதான். அது இரண்டு மூன்று வாரம் வாடாமல் நிற்பதில் ஆச்சரியமில்லை.

விதிகள் என்று பார்த்தால் சமநிலை, விகிதம், குவியம், சந்தம், ஒத்திசைவு என்று பாடக்குறிப்பில் வரிசையாக வரும். பரீட்சைக்கு அவற்றை அந்த வரிசையில் எழுதுங்கள். கையால் செய்யும்போது முதலில் வந்து நிற்பது விகிதம். சாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரத்துக்குப் பூ நிற்க வேண்டும் என்பது பொது அளவு. தட்டையான பாத்திரமென்றால் அதன் அகலத்தைக் கணக்கெடுக்க வேண்டும். இதை மிகத் தெளிவாகச் சொல்லித் தருவது யப்பானியரின் இகெபானா. கியோத்தோவில் றொக்காக்குடோ என்ற பௌத்த ஆலயத்தின் குருமார் குளக்கரைக் குடிலில் இருந்து வளர்த்த கலை இது. அவர்களின் மரபுக்கு இகெனோபோ என்று பெயர். அந்த மரபைச் சேர்ந்த சென்கெய் என்பவர் பூ வைத்ததைப் பற்றி 1462ஆம் ஆண்டுக் குறிப்பே உண்டு. 1927இல் தெஷிகஹாரா சோஃபு தொடங்கிய சோகெட்சு என்ற புதிய பள்ளி இதை எல்லாருக்கும் விளங்கும்படி எளிமையாக்கியது. மூன்று கோடுகள்தான் அடிப்படை.

ஈர்க்குகளை வைத்து நீங்களும் செய்து பார்க்கலாம். பாத்திரத்தின் அகலம் 24 சென்ரிமீற்றர், ஆழம் 6 என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 30. அதன் ஒன்றரை மடங்கு 45. அதுதான் பெரிய கோடு. அதன் முக்கால் பங்கு, ஏறத்தாழ 34, இரண்டாவது. அதிலும் முக்கால், ஏறத்தாழ 25, மூன்றாவது. பெரியதை நிமிர்விலிருந்து 15 பாகை சரித்து நடுங்கள். இரண்டாவதை 45 பாகை, மூன்றாவதை மறுபக்கமாக 75 பாகை. மூன்று நுனிகளையும் கற்பனையில் இணைத்தால் சமனில்லாத ஒரு முக்கோணம் வரும். வெறும் மூன்று ஈர்க்கு. ஆனால் சட்டியில் ஏதோ உயிர் வந்துவிட்டதை நீங்களே காண்பீர்கள். நான் முதல் தடவை செய்தபோது தம்பி வந்து பார்த்துவிட்டு, “கொக்கு நிக்கிற மாதிரி இருக்கு” என்றான்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் சமநிலை என்று நினைக்கத் தேவையில்லை. தராசின் ஒரு தட்டில் படிக்கல்லும் மறு தட்டில் அரிசியும் இருப்பதில்லையா, அப்படித்தான். கருஞ்சிவப்பு கண்ணுக்குப் பாரமாகத் தெரியும், வெள்ளை இலேசாகத் தெரியும். பெரிய விரிந்த பூ பாரம், மொட்டு இலேசு. எனவே பாரமானவை கீழே, நடுவோரமாக. மொட்டுகள் மேலே, ஓரமாக. செடியிலும் மொட்டு நுனியில்தானே இருக்கிறது. கண் முதலில் போய் நிற்கும் இடத்தைக் குவியம் என்கிறோம். பெரும்பாலும் அது சாடியின் விளிம்புக்குச் சற்று மேலே, எல்லாத் தண்டுகளும் வந்து சேரும் இடம். அங்கே ஒரே ஒரு சிறந்த பூ போதும். ஐந்து சிறந்த பூக்களை ஐந்து இடத்தில் வைத்தால், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிற வகுப்பு மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் எல்லா விதிக்கும் மேலாக எனக்குப் பட்டது வெற்றிடம். எங்கள் கலியாண மேடைகளில் ஓர் அங்குலம் வெறுமையாக இருந்தால் அது குறை. மேலும் ஒரு கொத்து பிளாஸ்டிக் பூவைச் செருகுவார்கள். வெற்றிடமும் அலங்காரத்தின் ஒரு பொருள் என்பதை யப்பானியர் சொல்வதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ என்ற தேநீர்க் கலைஞரின் தோட்டத்தில் காலைப்பூ கொடி கொடியாகப் பூத்திருப்பதைக் கேள்விப்பட்டு, நாட்டையே ஆண்ட ஹிதெயோஷி பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ கூட இல்லை; எல்லாவற்றையும் ரிக்கியூ வெட்டிவிட்டிருந்தார். கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்த ஹிதெயோஷி அங்கே ஒரே ஒரு பூ வைக்கப்பட்டிருக்கக் கண்டாராம். நடந்ததோ இல்லையோ, எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வேறொன்று. அந்தக் காலைப்பூவும் எங்கள் அடம்பனும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டின் விஞ்ஞானப் பெயரும் இபோமியா என்றுதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரு காலைதான் ஆயுள். ரிக்கியூ விருந்தாளி வரும் நேரம் பார்த்துப் பூ வைத்தார். நான் பார்க்கவில்லை.

ஒற்றைப் பூவின் அருமை முஸ்லிம் உலகுக்கும் புதிதல்ல. துருக்கியில் உஸ்மானியர் காலத்தில் டியூலிப் பூவுக்கென்றே ‘லாலேதான்’ என்ற சாடி இருந்தது. கழுத்து மிக ஒடுக்கம்; ஒரு தண்டுதான் நுழையும். 1718 முதல் 1730 வரையான காலத்தை அவர்களின் வரலாற்றில் டியூலிப் காலம் என்றே அழைக்கிறார்கள். அரபு எழுத்தில் லாலே என்று எழுதினால், அல்லாஹ் என்ற சொல்லில் வரும் அதே எழுத்துகள் வரும். அந்தப் பூவின் மீது அவர்களுக்கிருந்த மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் கொன்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்ற பெண்மணி ஏழைப் பிள்ளைகள் படித்த பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்துவிட்டுப் பூக்கடை தொடங்கியவர். வேலியோரச் செடிகளையும் கோவா இலையையும் கொண்டு அவர் செய்த அலங்காரங்களைப் பார்க்க லண்டனில் கூட்டம் கூடியது. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கும் பூ அலங்காரம் செய்தவர் அவர்தான். கோவா இலையில் தொடங்கியவர் என்பதை நினைத்து நான் என் பன் கட்டைத் தைரியமாக எடுத்தேன்.

அந்தத் தைரியம் உடனே தேவைப்பட்டது. பெரும்போக அறுவடை முடிந்ததும் ராத்தாவுக்குக் கலியாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார்; வீடும் பெண் வீட்டார் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும். வாப்பா மரக்கறி லொறி ஓட்டுபவர். ராத்தாவின் வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்க அவர் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடை அலங்காரம் செய்ய வந்தவர் 85,000 ரூபா கேட்டார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் கணக்குக் கொப்பியைத் திறந்தார். ராத்தாதான் எழும்பி வந்து, “தங்கச்சி செய்வா” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. கண்காட்சியில் மூடிய பூ யாருக்கும் நட்டமில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு பூ தலை தொங்கினால் அது ராத்தாவின் மேல் அல்லவா வரும்?

ஒத்திகை பார்த்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு கிழமைக்கு முன்பு வாப்பா வெளிமடையிலிருந்து வரும்போது ஒரு கட்டு கார்னேஷன் கொண்டு வந்தார். தண்டு பச்சையாகத்தான் இருந்தது. பூக்கள் எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, தூங்கிப்போனவை போல இருந்தன. வழியில் வாடியதென்று நினைத்துத் தண்ணீரில் வைத்தேன். எழும்பவில்லை. டீச்சரிடம் கேட்டபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, “லொறியில பக்கத்துல என்ன இருந்த?” தக்காளிப் பெட்டிகள். பழுக்கும் தக்காளியும் வாழைப்பழமும் எதிலீன் என்ற வாயுவை வெளிவிடும். காய்களைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூக்களை முதுமையாக்கும்; கார்னேஷன் அதற்கு மிகவும் பயந்த பூ. கலியாணத்துக்கு நாங்கள் கார்னேஷனையே விட்டுவிட்டோம். வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்திதான் சொன்னோம். வாப்பா அதை ஈரக் கடதாசியில் சுற்றி, தனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்துக் கொண்டு வந்தார். மரக்கறி எல்லாம் பின்னால், பூ மட்டும் முன்னால், மாப்பிள்ளை போல.

நிறத்தை ராத்தா ஊதா என்று கேட்டிருந்தார். நான்தான் மறுத்தேன். இரவு வெளிச்சத்தில் ஊதாவும் நீலமும் தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டோடு கலந்துவிடும். வெள்ளையும் மஞ்சளும்தான் தெரியும். விருந்தில் பாயின் நடுவே பூ வைக்கலாமா என்று மாமி கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். மேசை விருந்தில் எதிரே இருப்பவரின் முகம் மறையாத உயரத்துக்கு, முப்பது சென்ரிமீற்றருக்குள் வைக்கலாம். கீழே அமர்ந்து உண்ணும் இடத்தில் அது கைக்கும் சோற்றுக்கும் உரிய இடம். பூ வாசம் நெய்ச்சோற்று வாசத்தோடு போட்டி போடவும் கூடாது.

அடுத்த பிரச்சினை, தண்டுகளை எதில் நிறுத்துவது? பூக்கடைகளில் பச்சை நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு கட்டி வைத்திருப்பார்கள். தண்ணீரை உறிஞ்சும், எந்தப் பக்கத்திலும் குத்தலாம். 1954இல் அமெரிக்காவில் ஸ்மிதர்ஸ் என்பவர் விற்பனைக்குக் கொண்டு வந்தது அது. வசதிதான், ஆனால் அதுவும் ஒரு பிளாஸ்டிக். உக்காது, தூளாகித் தண்ணீரோடு போய் நுண்பிளாஸ்டிக்காகக் கடலில் சேரும். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளில் 2021 முதல் அதைத் தடை செய்துவிட்டது. யப்பானியர் பயன்படுத்துவது கென்சான், பாரமான உலோகத் தட்டில் நிமிர்ந்து நிற்கும் ஊசிகள். வீட்டில் கோழிக்கூட்டுக் கம்பி வலையைப் பந்தாகச் சுருட்டிச் சாடிக்குள் போட்டாலும் நன்றாக நிற்கும்.

மேடைக்கு நான் எடுத்தது வாழைக்குற்றி. குலை தள்ளி முடிந்த வாழை எப்படியும் வெட்டப்படுவதுதான். மூன்று அடி நீளமாக வெட்டிக் கிடத்தி, உருளாமல் இரு பக்கமும் கல் வைத்து, கூரான ஆணியால் முதலில் துளை போட்டுப் பிறகு தண்டைச் செருக வேண்டும். நேரே செருகினால் செவ்வந்தித் தண்டு மடிந்துவிடும். குற்றிக்குள்ளேயே தண்ணீர் நிறைய இருப்பதால் பூ ஒரு நாள் தாராளமாக நிற்கும். பின்னால் பன்னும் பாளையும் உயரக் கோடுகள். நடுவில் செவ்வந்தி, கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போக ஐதாகவும்; இப்படிப் படிப்படியாகக் குறைந்து போவதைத்தான் சந்தம் என்கிறார்கள். இடையில் நெற்கதிர். ராத்தா இருக்கும் நாற்காலிக்குப் பின்னால் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் வெள்ளைத் துணி. குவியம் அவர்தானே.

முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தது. உம்மா வந்து தூர நின்று பார்த்தார். “வடிவாத்தான் இரிக்கி. கீழுக்கு என்னமோ குறையிது” என்றார். சரிதான். வாழைக்குற்றியின் அடிப்பக்கமும் கல்லும் அப்பட்டமாகத் தெரிந்தன. பூவைத் தாங்கும் பொருள் பார்ப்பவர் கண்ணில் படக்கூடாது என்பது முதற்பாடம். வழிந்து தொங்கும் கொடி ஏதாவது வேண்டும், தடித்த இலையோடு, தண்ணீரில்லாமலும் சில மணி நேரம் தாங்குவதாக. அது எந்தக் கொடி என்று எனக்குத் தெரியும். உம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணி பிளாண்ட் ஏதும் பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

சுபஹுக்கு எழும்பியபோது உம்மா வீட்டில் இல்லை. சமையல்காரர்கள் முற்றத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் காணவில்லை என்றார்கள். வெளிச்சம் வரும் நேரம் உம்மா ஒழுங்கையால் வந்தார். கையில் பன் பை, பை நிறைய அடம்பன் கொடி. கால் முழுக்க மணல்.

“பூப் பறிக்கல்ல. கொடி மட்டுந்தான். பூ மூடிருமே.”

நுனிகளை மட்டும்தான் வெட்டியிருந்தார். ஒன்றைக்கூட வேரோடு பிடுங்கவில்லை. கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொடியை வாளித் தண்ணீரில் போட்டேன். உம்மா முகம் கழுவிவிட்டு ராத்தாவை எழுப்பப் போனார்.

அந்தக் கொடி வந்த பிறகுதான் அலங்காரம் முழுமையானது. ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த தடித்த இலைகள் குற்றியையும் கல்லையும் மூடி, மேடை விளிம்பால் கீழே வழிந்தன. ராத்தா வந்து இருந்ததும் யாரும் பூவைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா மட்டும் பக்கத்தில் வந்து இலையைத் தொட்டு, “இது கடக்கரைக் கொடி எலுவா?” என்று கேட்டார். இரவு விருந்து முடியும் வரை ஒரு செவ்வந்தி கூடத் தலை தொங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எல்லாமாகச் செலவு 11,400 ரூபா. அதிலும் பாதி வெள்ளைத் துணிக்கு. துணியை உம்மா இப்போது ஜன்னல் திரையாகத் தைத்துவிட்டார்.

மறுநாள் மேடையைக் கழற்றினோம். நெற்கதிர்களைக் கோழி கொத்தியது. வாழைக்குற்றியையும் செவ்வந்தியையும் பக்கத்து வீட்டு மாடு வந்து நின்று நிதானமாகத் தின்றது. அடம்பன் கொடியை அது தொடவில்லை. அதை உம்மா எடுத்துக் கொல்லையில் வேலியோர மணலில் போட்டார். கணுக்களில் வேர் விட்டிருக்கிறது.